யூதரைப் பழிக்கும் முன்

யூதர்களைத் திட்டுவது நம் பக்கத்தில் மிகவும் சௌகரியமான காரியம். எதிர்த்துப் பேசக் கள்ளக்குறிச்சியில் ஒரு யூதனும் கிடையாது. கடைத்தெருவில் நின்றுகொண்டு எதை வேண்டுமானாலும் சொல்லலாம். யாரும் சட்டையைப் பிடிக்க மாட்டார்கள், யாரும் வழக்குப் போட மாட்டார்கள். இத்தகைய வீரம் நம்மவர்களுக்கு எப்போதுமே பிடித்தமானது.

அண்மையில் நண்பர் ஒருவர், நன்றாகப் படித்தவர், மேடையில் பேசிப் பெயர் வாங்கியவர், என்னிடம் மூன்று குற்றச்சாட்டுகளை வரிசையாக அடுக்கினார். யூதன் தன்னைக் கடவுளால் பொறுக்கி எடுக்கப்பட்டவன் என்று நினைக்கிறான், ஒன்று. பிற இனத்தாரையெல்லாம் ‘கோய்’ என்று சொல்லி மிருகமாக மதிக்கிறான், இரண்டு. பிறரோடு உண்ணவும் மாட்டான், கொள்வினை கொடுப்பினையும் வைத்துக்கொள்ள மாட்டான், மூன்று. “நம்முடைய தர்மத்தில் இப்படி உண்டா, ஐயா?” என்று கேட்டுவிட்டு, கணியன் பூங்குன்றனாரின் அந்தப் புகழ் பெற்ற வரியையும் ஒருமுறை முழங்கினார். அவருக்குப் பாதி பதிலை அங்கேயே சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் அவர் ஒருவர் அல்லர், ஒரு கூட்டம்.

முதலில் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வோம். எபிரேய மொழியில் ‘கோய்’ என்றால் மிருகமும் இல்லை, நாயும் இல்லை. ஜனம், தேசத்தார் என்பதுதான் அதன் பொருள். அவர்களுடைய வேதம் இஸ்ரவேலரையே புனிதமான ‘கோய்’ ஆக இருக்க வேண்டும் என்று யாத்திராகமத்தில் சொல்கிறது. பிற்காலத்தில் அந்தச் சொல் யூதரல்லாதவரைக் குறித்தது. சில வாய்களில் ஏளனமாகவும் ஒலித்தது. மறுக்கவில்லை. ஆனால், ஐயா, ‘மிலேச்சன்’ என்ற வார்த்தை எந்த மொழியில் பிறந்தது? ‘நீசன்’ என்ற வார்த்தை யாருடைய வாயில் வளர்ந்தது? அந்த இரண்டுக்கும் ஆரம்பத்தில்கூட நல்ல பொருள் இருந்ததில்லை.

அடுத்தது, பொறுக்கி எடுக்கப்பட்ட ஜாதி என்ற பெருமை. பொறுக்கி எடுத்து என்ன கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டாமா? 613 கட்டளைகளைத் தலையில் ஏற்றி வைத்தார்கள். அதே மரபு, யூதரல்லாத மனிதனுக்கு 7 கட்டளைகள் போதும் என்கிறது. விக்கிரகங்களை வணங்காதே, தெய்வத்தை நிந்திக்காதே, கொலை செய்யாதே, முறை கெட்ட உறவு கொள்ளாதே, திருடாதே, உயிருள்ள பிராணியின் அங்கத்தை அறுத்துத் தின்னாதே, நியாயஸ்தலம் அமைத்துக்கொள் என்பவை அந்த ஏழு. நோவாவின் சந்ததி முழுவதற்கும், அதாவது மனித குலம் முழுவதற்கும், இவ்வளவே சட்டம். இவற்றைக் கடைப்பிடிப்பவன் யூதனாக மாற வேண்டிய அவசியமே இல்லை. மாற விரும்பி வாசலில் வந்து நிற்பவனையும், இந்தச் சுமை உனக்கு எதற்கு என்று கேட்டுத் தயங்க வைப்பதுதான் ரப்பிகளின் வழக்கம். தன் மதத்தில் சேராதவன் நரகத்துக்குப் போவான் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்பவனோடு இவர்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கி.பி. 70-ல் ரோமானியர் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். அந்தச் சாம்பல் ஆறுவதற்குள் இரண்டு ரப்பிகளுக்குள் ஒரு விவாதம் நடந்தது. பிற இனத்தாருக்கு மறுமையில் பங்கில்லை என்றார் எலியேசர். அந்த இனங்களிலும் நீதிமான்கள் உண்டு, அவர்களுக்குப் பங்குண்டு என்றார் யோசுவா. ஊரை எரித்தவர்கள் பிற இனத்தார்; அப்படியிருந்தும் பிற்கால மரபு யோசுவாவின் பக்கம்தான் நின்றது. அவர்களுடைய வேதத்தில் அந்நியனைத் துன்புறுத்தாதே என்ற கட்டளை மட்டும் 36 இடங்களில் வருவதாகத் தால்முத் கணக்கிடுகிறது. 46 என்று சொல்வோரும் உண்டு. நீங்களே எகிப்தில் அந்நியராகக் கிடந்து அவதிப்பட்டவர்கள் அல்லவா என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. வயலை அறுக்கும்போது ஓரத்து விளைச்சலை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டு வைக்க வேண்டும் என்பதும் சட்டமே. தர்மம் செய்ததாகப் பெருமை பேச அங்கே இடமில்லை. ஆமோஸ் என்ற தீர்க்கதரிசியோ தம் சொந்த ஜனங்களைப் பார்த்தே, எத்தியோப்பியரைவிட நீங்கள் என்ன உசத்தி, பிலிஸ்தியரையும் வேறு நாட்டிலிருந்து கூட்டி வந்தது அதே கடவுள் அல்லவா என்ற தோரணையில் இடித்துக் கேட்டிருக்கிறார். அந்த இடியை அவர்கள் வேதத்திலேயே சேர்த்துப் பத்திரப்படுத்தினார்கள். நம்மை இடித்தவர்களை நாம் என்ன செய்தோம் என்று இந்த இடத்தில் நான் கேட்கவில்லை.

இதனால் அந்த மரபில் கசப்பே கிடையாது என்று சாதிக்க நான் வரவில்லை. கசப்பு உண்டு, நிறையவே உண்டு. விக்கிரக ஆராதனை செய்கிறவன் தொட்ட திராட்சை ரசத்தைக் குடிக்கக்கூடாது. அவனுடைய பண்டிகைக்கு முன் மூன்று நாட்கள் அவனோடு வியாபாரம் கூடாது. இப்படி ஒரு தனி நூலே இருக்கிறது. அந்தக் கணக்கில் கள்ளக்குறிச்சி வாசகர்களில் பெரும்பாலோர் விலக்கப்பட்டவர்களே. ஆனால் அந்தக் கசப்போடு அவர்களே இடைவிடாமல் சண்டை போட்டிருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் பெர்ப்பின்யான் நகரத்தில் பிறந்த மெயிரி என்ற பண்டிதர், அந்தக் கடுமையான விதிகளெல்லாம் நெறியில்லாத பழைய கூட்டங்களுக்குச் சொன்னவை, மதத்தின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு வாழும் நம் காலத்து அண்டை வீட்டாருக்கு அவை பொருந்தா என்று தீர்ப்பு எழுதினார். ஏழு கட்டளைகளைக் கடவுளின் ஆணையென்று ஏற்றால்தான் பிற இனத்தானுக்கு மறுமை என்று மைமோனிடிஸ் நிபந்தனை போட்டார். ஆறு நூற்றாண்டு கழித்து, 1773-ல், ஜெர்மனியில் இருந்த மோசஸ் மெண்டல்ஸன் அந்த நிபந்தனை தமக்கு ஜீரணிக்கவில்லை என்று ஒரு மூத்த ரப்பிக்குக் கடிதம் எழுதினார். மோசேயின் பெயரையே கேட்டறியாத நல்லவன் என்ன ஆவான் என்பது அவருடைய கவலை. எங்கோ இருக்கிற, தான் ஒருநாளும் பார்க்கப் போகாத மனிதனின் கதியைப் பற்றி இத்தனை நூற்றாண்டு மண்டையை உடைத்துக்கொண்ட ஜனங்களை, பிறரை மிருகமாக மதித்தவர்கள் என்று எப்படிச் சொல்வது?

இந்தச் சண்டை ஒரு தடவை நம் வீட்டு வாசலுக்கே வந்தது, பலருக்குத் தெரியாது. ஆசாரமான யூதக் குடும்பங்களில் மணமான பெண்கள் தலைமுடியை மறைத்துக்கொள்வார்கள். சிலர் அதற்காகப் பொய்முடி அணிவார்கள். அந்தப் பொய்முடியில் ஒரு பகுதி திருப்பதியில் நம்மவர்கள் மொட்டை போட்டுக் கொடுத்த முடி என்பது 2004-ல் பெரிய பிரச்னையாயிற்று. விக்கிரகத்துக்குக் காணிக்கையான பொருளால் எந்தப் பயனும் பெறக்கூடாது என்பது அவர்கள் விதி. எருசலேமில் இருந்த எலியாஷிவ் என்ற பெரிய ரப்பி, கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நியூயார்க்கில் விலை உயர்ந்த பொய்முடிகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். வேறு ரப்பிகள் மறுத்தார்கள். முடி அங்கே கழிக்கப்படுகிறதே தவிரப் படைக்கப்படவில்லை என்று வாதாடினார்கள். நேரில் பார்த்து வர ஒரு ரப்பி திருப்பதிக்கே வந்து போனார். மொட்டை போடுகிற மனிதன் என்ன நினைத்துப் போடுகிறான் என்பதே அவர்களுடைய கேள்வி. பிறகு 2007-ல் டில்லியிலும் 2008-ல் எருசலேமிலும் இரு தரப்புப் பெரியவர்களும் கூடிப் பேசி, இந்துக்கள் வணங்குவதும் ஒரே பரம்பொருளைத்தான் என்று எழுத்தில் அறிக்கை வெளியிட்டார்கள்.

முடிகளை எரித்தார்களே என்று கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும். நான் வேறொன்றைப் பார்க்கிறேன். நம் மனதில் இருப்பது என்ன என்று விசாரிக்க ஒருவர் கடல் தாண்டி வந்தார். நம் பக்கத்து மலையில் இருக்கிறவன் தன் சாமியைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று விசாரிக்க, கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பண்டிதர் வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினார்?

கச்சிராயப்பாளையம் தாண்டினால் கோமுகி அணை. அதற்கு மேலே கல்வராயன் மலை. அங்கே வாழ்கிறவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தை நினைக்க வேண்டாம். மலையில் வாழ்வதால் வந்த பெயர். அவர்கள் பேசுவது தமிழ். அவர்களுடைய பூர்வீகக் கதையை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வெள்ளைக்காரர்கள் கேட்டு எழுதி வைத்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து கரிராமன் என்ற தெய்வம் புறப்பட்டது. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்கள் கூடவே வந்தார்கள். அவர்கள் வெவ்வேறு மலைகளில் தங்கினார்கள் என்பது அந்தக் கதை. மூவரும் வந்த இடத்தில் வெவ்வேறு ஜாதிப் பெண்களை மணந்தார்கள் என்றும் ஒரு பாடம் சொல்கிறது. யூதர்களுடைய மாபெரும் அரசனான தாவீதின் கொள்ளுப்பாட்டி ரூத் என்பவள் மோவாபிய நாட்டுப் பெண், அந்நிய இனத்தாள். அவர்கள் அதை மறைக்கவில்லை. அவள் பெயரால் ஒரு நூலே வைத்து ஆண்டுதோறும் பண்டிகையில் வாசிக்கிறார்கள். மலைக்காரனும் தன் கதையில் கலப்பை மறைக்கவில்லை. தன் பாட்டியின் ஊரை மறைக்கிறவன் யார் என்பதைச் சமவெளியில்தான் தேட வேண்டும்.

ஆக, மலைக்காரனுடைய தெய்வம் நம் காஞ்சித் தெய்வம். அவன் மொழி நம் மொழி. அவனுடைய மூதாதை நம் ஊரான். இத்தனை உறவு இருந்தும் நம் தர்மத்தில் அவனுக்கு என்ன இடம் வைத்தோம்? யூதன் அந்நியனுக்கு ஏழு கட்டளை எழுதினான். வயலில் ஓரம் விட்டான். நாம் மலைக்காரனுக்கு ஒரு ‘டா’ வைத்தோம். சாமையும் புளியும் கடுக்காயும் சுமந்து இறங்கி வருகிற எழுபது வயதுக் கிழவரை, மீசை முளைக்காத நம் கடைப் பையன் “என்னடா கொண்டாந்தே?” என்கிறான். எடை போடும்போதும் அந்த ‘டா’ தராசில் ஏறிக்கொள்கிறது.

அந்த மலையில் சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற மூன்று பெயர்களில் ஜாகீர்கள் இருந்தன. நாடு சுதந்திரம் அடைந்தது 1947-ல். அந்த ஜாகீர்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976-ல். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். நடுவில் கழிந்த 29 வருஷங்கள் மலை ஜனங்கள் ஜாகீரின் கீழேயே கிடந்தார்கள். அந்த 29 வருஷமும் கீழே நம் மேடைகளில் பூங்குன்றனாரின் வரி முழங்கிக்கொண்டுதான் இருந்தது.

இனி விஷத்துக்கு வருகிறேன். 1348-ல் ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவியபோது, கிணறுகளில் யூதர்கள் விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. யூதர்களும் அதே நோயில் சாகிறார்களே, யூதர்களே இல்லாத நாட்டிலும் நோய் இருக்கிறதே என்று போப்பாண்டவர் ஆறாம் கிளெமெண்ட் அந்த ஆண்டே ஆணை எழுதிக் கண்டித்தார். யார் கேட்டார்கள்? 1349 பிப்ரவரி 14-ந் தேதி ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்துக் கொன்றார்கள். நோய் அந்த நகரத்துக்கு இன்னும் வந்துகூடச் சேரவில்லை. ஆனால் கடன் பத்திரங்கள் இருந்தன. யூதன் செத்தால் கடனும் செத்தது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பிணங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேரும் முன்பே என் காதில் விழுந்த பேச்சு, “எல்லாம் மலையிலிருந்து இறங்கின சரக்கு” என்பதுதான். மலையில் சாராயம் காய்ச்சுகிறவர்கள் உண்டு. பல காலமாக உண்டு. அது குற்றம், அதனால் குடும்பங்கள் அழிந்ததும் உண்மை. ஆனால் அன்று உயிரைக் குடித்தது மெத்தனால். மெத்தனால் வெல்லத்திலும் மரப்பட்டையிலும் மலை ஓடையோரத்தில் ஊறுகிற வஸ்து அல்ல. அது ரசாயனத் தொழிற்சாலையில் பிறந்து, பீப்பாயில் ஏறி, சமவெளிச் சாலை வழியாக, சமவெளி வியாபாரிகளின் கை மாறி வருகிற சரக்கு. கள்ளக்குறிச்சியின் நடுவே நடந்த வியாபாரத்துக்கு, கல்வராயன் மலையின் மேல் பழி ஏன் அவ்வளவு சுலபமாக ஏறிற்று? வெளியே நிற்பவன் முதுகு எப்போதும் காலியாக இருக்கிறது என்பதுதான் காரணம். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை ஜனங்களின் வாழ்வு நிலையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. மலைக்குச் சாலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் வேண்டும் என்று நமக்கு நினைவு வர, கீழே இத்தனை பேர் சாக வேண்டியிருந்தது.

நண்பர் இந்த இடத்தில் குறுக்கிடுவார் என்பது எனக்குத் தெரியும். “மலைக்காரர்கள் தங்களுக்குள்ளேயே மேல் கீழ் பார்க்கிறார்களே?” என்பார். பார்க்கிறார்கள், தாங்கள் வேளாளர் வழி என்று சொல்லிக்கொண்டு பார்க்கிறார்கள். எங்கே கற்றார்கள்? அதற்குக் கொச்சியில் பதில் இருக்கிறது.

கொச்சி யூதர்களின் கதை உலகத்தார் வியக்கிற கதை. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதருக்கு 72 உரிமைகளைச் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தான். அந்த ஏடு வட்டெழுத்தில் இருக்கிறது. அதன் மொழி தமிழும் மலையாளமும் பிரியாத காலத்து மொழி. மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூதர் ஆலயமும் அரண்மனைக் கோவிலும் இன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஐரோப்பா யூதனை எரித்த காலங்களில் இந்த மண் அவனுக்கு நிழல் தந்தது என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். பெருமைப்படலாம். ஆனால் பாதிக் கதையைச் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. நிழலோடு கூட வேறொன்றையும் அவனுக்குத் தந்தோம். வெளிநாட்டிலிருந்து பின்னால் வந்த ‘பரதேசி’ யூதர்கள், முன்பே இங்கிருந்த மலபார் யூதர்களோடு மண உறவு கிடையாது என்றார்கள். தங்களிடம் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் சந்ததியைத் தங்கள் ஆலயத்தில் சமமாக உட்காரவிடவில்லை. 16-ஆம் நூற்றாண்டிலேயே இந்த விவகாரம் கெய்ரோவில் இருந்த டேவிட் பென் சிம்ரா என்ற பெரிய ரப்பிக்குப் போயிற்று. முறைப்படி மதம் ஏற்றவன் முழு யூதன், அவனோடு கல்யாணம் செய்யலாம் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். வேதமும் தீர்ப்பும் ஒரு பக்கம். கொச்சி வழக்கம் மறு பக்கம். ஜெயித்தது வழக்கம். 20-ஆம் நூற்றாண்டில் அந்த விலக்கப்பட்ட கூட்டத்தில் பிறந்த ஏ. பி. சாலம் (1882–1967) என்ற வக்கீல், காந்தியைப் பின்பற்றி ஆலயத்திலேயே சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது.

ஜாதியை அவர்கள் மோசேயிடமிருந்து கற்கவில்லை. பக்கத்து வீட்டைப் பார்த்துக் கற்றார்கள். அந்தப் பக்கத்து வீடு நம்முடையது. மலைக்காரனும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தான். வாத்தியார் மாணவனைப் பார்த்து, உன் எழுத்து கோணலாக இருக்கிறது என்று சிரிப்பது நன்றாக இல்லை.

இன்னொரு குறுக்கீடும் வரும். “இன்றைய இஸ்ரேல் செய்வதைப் பார்த்தீரா?” என்பார்கள். பார்த்தேன். 2023 அக்டோபர் 7 அன்று கொல்லப்பட்டவர்களுக்காகவும், அதன்பின் காஸாவில் மடிந்த குழந்தைகளுக்காகவும் கலங்காதவன் மனிதன் அல்லன். அரசாங்கத்தைக் கண்டிப்பவர்கள் அரசாங்கத்தின் பெயரைச் சொல்லித் தாராளமாகக் கண்டிக்கட்டும். தம் அரசர்களை முகத்துக்கு நேரே கண்டித்த தீர்க்கதரிசிகளின் மரபே அதற்குத் துணை நிற்கும். ஆனால் ஒரு அரசாங்கத்தின் கணக்கை மூவாயிரம் வருஷத்து ஜனங்களின் வேதத்தின் மேல் எழுதுவதும், கருணாபுரத்துச் சாவைக் கல்வராயன் மலையின் மேல் எழுதுவதும் ஒரே கையெழுத்துத்தான்.

எந்த மதத்திலும் மதில் உண்டு. உள்ளே இருப்பவன், வெளியே இருப்பவன் என்ற பிரிவில்லாத மதம் இந்தப் பூமியில் இதுவரை தோன்றவில்லை. உள்ளே இருக்கிறவன் தன்னை உசத்தியாக நினைத்துக்கொள்வது மனித சுபாவம். அதை வைத்து ஒரு மதத்தை நான் எடைபோட மாட்டேன். வெளியே நிற்கிறவனுக்கு நீ என்ன கடன்பட்டிருக்கிறாய், அதை எங்கே எழுதி வைத்திருக்கிறாய், அதற்காக உன் வீட்டுப் பெரியவர்கள் எத்தனை பேர் உன்னோடு சண்டை போட்டார்கள் என்பதைத்தான் கேட்பேன். யூதனிடம் அதற்குப் பதில் இருக்கிறது. அரைகுறைப் பதில், கசப்புக் கலந்த பதில். ஆனால் எழுத்தில் இருக்கிற பதில். நம்மிடம் இருப்பது மேடையில் முழங்க ஒரு வரி.

நண்பருக்கு ஒரு வேலை சொல்கிறேன். சின்ன வேலை, செலவில்லாதது. இந்தச் சந்தை நாளில் வெள்ளிமலையிலிருந்து புளி கொண்டுவரும் கிழவரைப் பார்த்து, “வாங்க, உட்காருங்க” என்று சொல்லட்டும். எடையைச் சரியாகப் போடச் சொல்லட்டும். கரிராமன் கதையை அவர் வாயாலேயே கேட்கட்டும். அதன் பிறகு வரட்டும். யூதர்களைப் பற்றிப் பேசுவோம்.